தண்ணீருக்கு முதுகு

கல்லடி,
மட்டக்களப்பு.
07.03.2010

அன்புள்ள அண்ணா,

தொலைபேசியில் கேட்க முடியாத ஒன்றைக் கேட்கவே எழுதுகிறேன். நான் எடுக்கும்போதெல்லாம் அம்மா உங்கள் பக்கத்தில் இருக்கிறார். நீங்கள் எடுக்கும்போதும் அப்படித்தான். மூன்று பேருமாக மழையைப் பற்றிக் கதைத்துவிட்டு வைத்துவிடுகிறோம்.

எனக்கு மூன்றாம் மாதம். செப்டெம்பர் கடைசியில் என்கிறார் டொக்டர்.

போன வருடம் கலைந்தபோது, ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடந்த பெண்ணின் தாய் எனக்கும் கோப்பி ஊற்றித் தந்தார். நல்ல மனுசி. தன் மகளுக்கு ஊற்றிய பிறகு மிச்சத்தைத் தந்தார். அதில் ஒரு பிழையும் இல்லை.

இந்த முறை எனக்கு அம்மா வேண்டும்.

வீடு முடிந்துவிட்டது. சுனாமி அலை விட்டுப்போன அத்திவாரத்தின் மேலேயே கட்டினோம். அறைகள் அதே இடத்தில். சமையலறை ஜன்னல் மட்டும் சற்றுப் பெரிது. அம்மா எனக்குச் சீதனமாக எழுதித் தந்த வளவு, அதில் அம்மாவுக்கு என்று ஓர் அறை. கட்டில் போட்டு, நுளம்பு வலையும் கட்டியாயிற்று. விமலன் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வான் வண்டியில் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு பாசிக்குடா போகிறார். சண்டை முடிந்த பிறகு எல்லோருக்கும் கடல் பார்க்க வேண்டும். உன்னிச்சையில் பிறந்து கடலையே காணாத கிழவர்கள்கூடக் காற்சட்டை மடித்துக்கொண்டு இறங்குகிறார்களாம்.

நீங்கள் அம்மாவை ஏன் அனுப்பவில்லை என்று எனக்குத் தெரியும். ஷெரினைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர ஆள் வேண்டும். மேர்லின் அண்ணிக்கு வேலை. குறை சொல்லவில்லை. கொஞ்சம் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் எந்தத் தாய் மகளை விட்டுவிட்டு ஐந்து வருடம் மகன் வீட்டில் இருந்தார்? கேட்பவர்களுக்கு நான் என்ன சொல்ல?

உங்கள் தங்கச்சி,
சுலோஜனா


ரொறன்ரோ
02.04.2010

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கோப்பிக் கதையை வாசித்து மேர்லின் அழுதாள். நான் அழவில்லை. எனக்குத் தடிமன், மூக்குத்தான் ஓடியது.

பிள்ளைச் செய்தியை அம்மாவிடம் சொன்னபோது எழுந்துபோய்ச் சுவாமிப் படத்துக்கு விளக்கேற்றினார். அன்றிரவே நூல் வாங்கப் போக வேண்டும் என்றார். இப்போது ஒரு தொப்பி பின்னுகிறார். உன் பிள்ளையின் தலை பூசணிக்காய் அளவில் இருந்தால் சரியாக இருக்கும்.

வருவது பற்றிக் கேட்டேன். ‘பாப்பம்’ என்றார்.

ஷெரினின் பள்ளிக்கூடம் முடியட்டும் என்று இங்கே பேச்சு. யூலையில் புளோரிடாவுக்குப் போவதாகவும் பதிந்துவிட்டோம். பெரிய தீம் பார்க். ஒன்றல்ல, நாலைந்து பார்க், ஹோட்டல்கள், குளங்கள், எல்லாம் சேர்ந்து ஒரே இடம். கல்லடிப் பாலத்தில் தொடங்கினால் களுவாஞ்சிக்குடி தாண்டும் என்று நினைக்கிறேன். அம்மாவையும் கூட்டிப்போகிறோம். அது முடியட்டும், கதைப்போம்.

நீ மாடிப்படி ஏறாதே. உங்கள் வீட்டில் மாடி இல்லை என்பது தெரியும். நீ படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் இருக்கிறதே.

அன்புடன்,
அண்ணன் தாசன்


கல்லடி
25.04.2010

அண்ணா,

‘பாப்பம்’ என்பது பதில் இல்லை.

‘இங்கே பேச்சு’ என்று எழுதியிருக்கிறீர்கள். யாருடைய பேச்சு?

சித்திரைப் புத்தாண்டுக்கு விமலனின் ஆட்கள் உன்னிச்சையிலிருந்து வந்திருந்தார்கள். மாமி என் வயிற்றைப் பார்த்தார், அம்மாவின் வெறும் கட்டிலைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

தீம் பார்க்குக்கு உங்களுக்கு நேரம் இருக்கிறது என்று எழுதிவிட்டு வெட்டினேன். வெட்டியது தெரிகிறது. அப்படியே விடுகிறேன்.

விமலன் சொல்லச் சொன்னது: “மச்சானுக்கு எழுது, அங்க வான் ஓட ஆள் தேவையெண்டா நான் வாறன். பாசிக்குடாவில பழகின கை.”

சுலோ


புளோரிடா
06.07.2010

அன்புத் தங்கச்சி,

இதை வானுக்குள் இருந்து எழுதுகிறேன். பின்சீற்றில் அம்மா நித்திரை. மேர்லினும் ஷெரினும் பார்க்குக்குள். நான் ஏன் வெளியில் என்று கேட்பாய். சொல்கிறேன். உன் புருசனுக்கு வாசித்துக் காட்டு, அவருக்குத்தான் என் நிலை விளங்கும்.

ரொறன்ரோவிலிருந்து இரண்டு நாள் ஓட்டம். ஏழு பேர் இருக்கும் வாடகை வான். வானில் வழிசொல்லும் கருவி ஒன்று; பெண் குரல். அவள் இடப்பக்கம் திரும்பு என்றால் அம்மா பின்னாலிருந்து ஒரு பெருமூச்சு விடுவார். “அந்தப் புள்ளைக்கு எழுவானும் தெரியா, படுவானும் தெரியா. அவள்ட சொல்லக் கேட்டுப் போறான்.” சூரியன் எழும் பக்கம் எழுவான், படுக்கும் பக்கம் படுவான் என்று ஷெரினுக்கு விளக்கினேன். அன்றிலிருந்து அவளும் அந்தக் குரலோடு சண்டை.

இந்த இடத்துக்குள் ஓடுவதற்குத் தனியாக ஒரு பயிற்சி வேண்டும். வாசலைத் தாண்டிய பிறகும் பார்க் வராது. காடு வரும், பாலம் வரும், ஹோட்டல் வரும், மறுபடி காடு. பலகைகளில் ஒரே நேரத்தில் ஆறு பெயர்கள். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்த திருப்பத்துக்கு மட்டக்களப்புப் பட்டணத்தை ஒரு சுற்று சுற்றும் தூரம். உள்ளுக்குள் பஸ்ஸும் இருக்கிறது, படகும் இருக்கிறது. ஆனால் அம்மா வானை விட்டுப் பஸ்ஸில் ஏறமாட்டார். ஆகவே எங்கும் வான்தான்.

வானை நிறுத்துவதுதான் சிக்கல்.

வான் நிறுத்தும் இடம் ஒரு பெரிய வட்டை. கதிர் அறுத்த வயல் மாதிரி வெளியாகக் கிடக்கும். வரம்புகளுக்குப் பதில் மஞ்சள் கோடுகள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு மிருகத்தின் பெயர். பையன்கள் கையில் தடியோடு நின்று, ஒன்றன்பின் ஒன்றாக, இதற்குள் விடு என்று காட்டுவார்கள். முதல் நாள் நாங்கள் நரி. காட்டிய இடத்தில் விட்டேன். அம்மா இறங்கவில்லை.

“வானக் கிறுக்கி, அங்கால திருப்பி விடு, மனே.”

“அம்மா, இங்க கிறுக்க விடமாட்டாங்க.”

“தண்ணிய முன்னால வெச்சுக்கொண்டு நிப்பாட்டிரிக்காய். கிறுக்கு.”

முன்னால் குளம். அது வெட்டின குளம் அம்மா, மனிசர் வெட்டினது என்றேன். அதில் ஒரு பெரிய படகு, இரண்டு தட்டு, ஊதிக்கொண்டு போகிறது. அம்மா அதைப் பார்த்தார். “குளத்தில ஆரு கப்பல் விடுறது?”

அம்மாவின் கணக்கில் அது கடல். கடல் என்றால் அந்தப் பக்கம் எழுவான். வான் முதுகைக் காட்டி, படுவானைப் பார்த்து நிற்க வேண்டும். பின்னுக்கு எடுத்துத் திருப்பவும் கூடாது. கியரைப் பின்னுக்குப் போட்டால் கதவைத் திறந்து இறங்கிவிடுகிறார். இறங்கி, நூறடி போய், நடு றோட்டில் நிற்கிறார். தடிப் பையன் என்னைப் பார்க்கிறான். நான் ஷெரினைப் பார்க்கிறேன். ஷெரின் அவனிடம் தன் ஆங்கிலத்தில் சொன்னாள்: என் அப்பம்மாவுக்குத் தண்ணீரோடு கோபம்.

ஆகவே ஒரு முறை கண்டுபிடித்தேன். எல்லோரும் நிறுத்தும் இடத்தைத் தாண்டி, கடைசி வரிசைக்குப் போவது. அங்கே ஒருவரும் இல்லை. ஒரு பக்கத்தால் ஏறி, அப்படியே நேராக ஓடி, மறுபக்கத்துக் கோட்டில் தண்ணீருக்கு முதுகு வைத்து நிற்பது. போகும்போதும் நேராகப் போய்விடலாம். அங்கிருந்து பார்க் வாசலுக்கு நடந்தால் பசிக்கும். மேர்லின் முதல் நாள் ஏசினாள். இரண்டாம் நாள் சப்பாத்தை மாற்றினாள்.

இந்தக் குளமோ நடுவில் கிடக்கிறது. பார்க் ஒரு கரையில், ஹோட்டல் மறு கரையில். காலையில் அம்மாவுக்கு எழுவானாக இருந்தது பின்னேரம் படுவானாகிவிடும். நேற்று ஹோட்டலுக்குத் திரும்பும்போது சூரியன் அந்தத் தண்ணீருக்கு மேலே இறங்கியது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, “கடலுக்குள்ள விழுற சூரியன நம்மட ஊரில ஆரும் கண்டிரிக்கா? இது பிழையான ஊர்” என்றார்.

ஒன்றே ஒன்று பிடித்தது. சின்னப் பிள்ளைகள் ஓட்டும் கார் விளையாட்டு. தண்டவாளம் மாதிரி ஒரு கம்பி. கார் அதன்மேல் முன்னுக்குத்தான் போகும். ஷெரின் ஓட்ட, அம்மா பக்கத்தில். சுற்றி முடிந்து இறங்கச் சொன்னபோது, “இன்னொருக்காச் சுத்துவம்” என்றார். “இது பின்னுக்குப் போகாது, மனே. நல்ல வண்டில்.”

சிரிப்பாகத்தான் எழுதினேன். எழுதி முடிக்கும்போது சிரிப்பாக இல்லை.

அம்மா எழும்பிவிட்டார். தேத்தண்ணீர் வேண்டுமாம்.

தாசன்


கல்லடி
22.07.2010

அன்புள்ள அண்ணா,

விமலனுக்கு வாசித்துக் காட்டினேன். கப்பல் இடத்தில் சிரித்தார். கியர் இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

உங்களுக்கு ஒன்று தெரியாது. நீங்கள் அந்த நேரம் வர முடியாமல் இருந்தீர்கள். நானும் எழுதவில்லை.

அலையன்று நான் சித்தாண்டியில், சிநேகிதி வீட்டில். தண்ணீர் வடிந்த பிறகு வளவுக்குள் முதலில் வந்தது நான்தான். சுவர் இல்லை. படலை இல்லை. அப்பாவின் மொறிஸ் மைனர் கார் இரண்டு தென்னைகளுக்கு நடுவில் இறுகி நின்றது. முகம் கடலுக்கு. சாவி போட்டபடி. கியர் பின்னுக்கு விழுந்திருந்தது.

அப்பா அதற்குள் இல்லை. அவரின் உடலை நாவலடியில் எடுத்தது உங்களுக்குத் தெரியும்.

றோட்டிலிருந்து வளவுக்குள் ஏறினால் கார் கடலைப் பார்த்துத்தான் நிற்கும். எத்தனை வருடம் அப்படி நின்றது. ஹயர் ஓட்டத்துக்கு ஆள் வந்தால் அப்பா கழுத்தைத் திருப்பிப் பின்னுக்கு எடுப்பார். அம்மா படலையைத் திறந்துவிட்டு றோட்டில் நின்று கை காட்டுவார். காலையில் எத்தனையோ தரம் பார்த்த காட்சி. அதனால்தான் ஒன்றும் யோசிக்கவில்லை. கார் எப்படி நின்றது என்பது என்னிடம் இருந்தது. அம்மா எப்படிப் பயப்படுகிறார் என்பது உங்களிடம் இருந்தது. ஐந்து வருடம் இரண்டு கண்டத்தில்.

இப்போது எங்கள் வானும் அதே மாதிரித்தான் நிற்கிறது. முகம் கடலுக்கு. ஜன்னலால் பார்த்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

அண்ணா, அம்மாவைக் கல்லடிக்குக் கூப்பிட்டது என் பிழை என்று நினைக்கவில்லை. ஆனால் இனிக் கூப்பிடவில்லை. நான் உன்னிச்சைக்குப் போகிறேன். மாமி வீட்டில் அறை இருக்கிறது. அம்மா நேரே அங்கே வரட்டும். அலையன்று இங்கிருந்தவர்கள் பாலத்தால் வாவி தாண்டிப் படுவான்கரைக்கு ஓடினார்கள். இரண்டு வருடம் கழித்து ஷெல்லுக்குப் பயந்து படுவான்கரை ஆட்கள் இங்கே ஓடி வந்தார்கள். விமலனை நான் கண்டதே அப்போது, எங்கள் பள்ளிக்கூடத்தில், அகதியாக, வாளியோடு வரிசையில். ஆகவே நானும் ஒருமுறை கரை மாறலாம்.

மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வரும் ஊரில், தன் வீட்டை விட்டுப் புருசன் ஊருக்குப் போனாள் என்று சொல்வார்கள். சொல்லட்டும்.

இதை அம்மாவிடம் சொல்லுங்கள். மழையைப் பற்றிக் கதைக்காமல் சொல்லுங்கள்.

உங்கள் சுலோ


ரொறன்ரோ
08.08.2010

அன்புத் தங்கச்சி,

சொன்னேன். சமையலறையில், மேர்லின் வேலைக்குப் போன பிறகு. உன் கடிதத்தில் அப்பாவின் காரைப் பற்றிய இடத்தை அப்படியே வாசித்தேன்.

அம்மா பாண் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியை வைக்கவில்லை.

“படலையத் திறக்க நான்தான் முன்னுக்குப் போனன். சனம் கத்துற சத்தம் கேட்டுத்தான் காரை எடுத்தம். அவர் வழமை மாதிரிப் பின்னுக்கு எடுத்தார். கழுத்தத் திருப்பி என்னப் பாத்துக்கொண்டு வாறார். என்னில முட்டக்கூடா எண்டு என்னையே பாக்கிறார். நான் பாத்தத அவர் பாக்கல்ல. றோட்டில போன மெசின் பெட்டியில ஆரோ என்ன இழுத்துப் போட்டாங்க.”

அவ்வளவுதான். பிறகு பாணுக்குப் பட்டர் பூசினார். நான் மெசின் பெட்டி என்றால் உழவு இயந்திரத்தின் பெட்டி என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன். ஏதாவது ஒன்றைச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

இன்னொன்று. ‘யாருடைய பேச்சு’ என்று கேட்டிருந்தாய். அம்மாவின் பேச்சு. நான் டிக்கற் பார்த்த ஒவ்வொரு தரமும் ஒரு சாட்டு. குளிர் போகட்டும், ஷெரினின் பரீட்சை முடியட்டும். “தங்கச்சியிட்டச் சொல்லாத, நீ மறிச்சதாவே இரிக்கட்டும். அண்ணன்ல வந்த கோவம் ஆறும். தாயில வந்தா ஆறாது” என்றார். எனக்கும் அது சரி என்று பட்டது. உன் கோபம் எனக்குப் பழக்கம்.

உன்னிச்சைக்குப் போகும் கதையைச் சொன்னபோதுதான் கத்தியை வைத்தார்.

“என்ட புள்ள அவள்ட வீட்ட விட்டுப் போய் மாமிட வீட்டில புள்ள பெறுறதா? நான் செத்துப்போனனா?”

“அப்ப என்னம்மா செய்யிற? வானக் கிறுக்கி விடச் சொல்லுவம். விமலன் பின்னுக்கு எடுத்து உள்ள விடுவார்.”

“பின்னுக்கு எடுக்கிற கதையே வேணாம்.”

பின்னேரம் ஷெரினின் கலர்ப் பென்சிலை எடுத்தார். தீம் பார்க் வரைபடத்தின் பின்பக்கத்தில் நம் வளவைக் கீறினார். மேற்கே றோட்டும் படலையும். நடுவில் வீடு. கிழக்கே மதில். மதிலுக்கு அப்பால் நல்லரத்தினம் மாஸ்டரின் வளவு, அதற்கப்பால் கடற்கரை றோட்டு. கிழக்கு மதிலில் ஓர் ஓட்டை கீறினார். வான் கடற்கரை றோட்டால் வந்து, மாஸ்டரின் வளவுக்குள்ளால் ஏறி, அந்த ஓட்டையால் உள்ளே வர வேண்டும். வந்து நின்றால் முகம் படுவானுக்கு. போகும்போது நேரே முன்படலையால் றோட்டுக்கு. கிறுக்கத் தேவையில்லை. கடைசி வரிசையில் நான் நிறுத்தியது மாதிரி.

“அம்மா, அப்ப படலை கடற்பக்கம் வருது” என்றேன்.

“ஓம். வரக்குள்ள கடலப் பாத்துக்கொண்டு வாறன். நிண்டா முதுகு.”

பென்சிலை வைத்துவிட்டு, “மாஸ்டரிட்டக் கேக்கச் சொல்லு. கேக்காம மதில உடைக்காதங்க” என்றார்.

படத்தை இதோடு வைத்திருக்கிறேன். நீலத்தில் கீறியிருப்பது கடல். சிவப்பு வான். வானுக்குள் இருக்கும் பெரிய தலை நீ என்று ஷெரின் சொல்கிறாள்.

செப்டெம்பர் பத்துக்கு டிக்கற் இருக்கிறது. உன் பதில் பார்த்துப் பதிவேன். அம்மா பின்னிய தொப்பிகள் இப்போது நாலு. அளவு சிறுத்து வருகிறது.

அண்ணன்


கல்லடி
24.08.2010

அன்புள்ள அண்ணா,

டிக்கற்றைப் பதியுங்கள்.

மாஸ்டரிடம் நானே போனேன். அவர் வளவில் வீடு இல்லை. அலைக்குப் பிறகு கட்டவில்லை. சீமெந்துப் படி மட்டும் இரண்டு நிற்கிறது. இப்போது மகளோடு பட்டணத்தில் இருக்கிறார். படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டார்.

“இது ஆர் கீறின?”

“அம்மா, சேர்.”

“அன்னப்பூரணி எனக்கிட்டப் படிக்கக்குள்ள ஒரு கோடும் நேராக் கீறினதில்ல. இப்ப எப்பிடிக் கீறிரிக்கா பாரு.” பிறகு, “அந்தப் படிய மட்டும் உடைக்காதங்க. மத்தப் பக்கத்தால வானை விடுங்க” என்றார். படியைப் பற்றி நான் கேட்கவில்லை. அலையோடு போன அவர் மனைவி பின்னேரங்களில் அதன் மேல்தான் உட்கார்ந்திருப்பார் என்று எனக்கும் தெரியும்.

நேற்று மதிலை உடைத்தோம். விமலனும், உன்னிச்சையிலிருந்து வந்த அவருடைய தம்பியும். விமலன் கட்டிய மதில். கட்டியபோது கடல் தெரியாமல் உயர்த்திக் கட்டச் சொன்னது நான். மாமியும் வந்திருந்தார். அம்மாவின் அறையைக் கூட்டி, வலையை உதறிவிட்டு, “தாய் வரும்வரைக்கும் நான் நிக்கிறன்” என்றார். பின்னேரம் கோப்பி ஊற்றி முதலில் எனக்குத் தந்தார்.

கல்லை அள்ளி முடிய நாலு மணி. ஓட்டையால் காற்று நேரே வீட்டுக்குள் வருகிறது. கடல் தெரிகிறது. இந்த ஐந்து வருடத்தில் நான் அதை வீட்டிலிருந்து பார்த்ததில்லை. சமையலறையில் பெரிய ஜன்னல் வைத்ததும் றோட்டுப் பக்கம்தான். கடல் சும்மா கிடக்கிறது. நீலமில்லை. அம்மாவிடம் கடலுக்கு நீலப் பென்சில் மட்டும்தான் இருந்திருக்கும்.

ஒருமுறை ஓட்டிப் பார்ப்போம் என்றார் விமலன். முன்சீற்றில் ஏற எனக்கு நேரம் எடுத்தது. வயிறு. முன்படலையால் வெளிக்கிட்டு, றோட்டால் போய், ஒழுங்கையால் இறங்கி, கடற்கரை றோட்டில் ஏறினோம். அந்தத் துண்டில் நான் கண்ணை மூடவில்லை. அம்மா சொன்ன மாதிரிப் பார்த்துக்கொண்டு வந்தேன். மாஸ்டரின் படியைச் சுற்றி, ஓட்டைக்குள்ளால் உள்ளே. வான் நின்றது. முன்னால் எங்கள் வீடு, பக்கத்தில் வழி, அதன் முடிவில் திறந்த படலை, றோட்டு, வாவிப் பக்கம் சாயும் வெயில்.

விமலன் கியரில் கை வைத்தார், எடுத்தார். தேவை இருக்கவில்லை.

“இன்னொருக்காச் சுத்துவமா?” என்றார்.

“ஓம்” என்றேன்.

சுலோ